மஞ்சள் கோடு போட்ட நான்கு நட்டுகள்

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு, கர்நாடக எல்லையில் இருக்கும் ஜூஜுவாடி டீக்கடை முன்னால் பத்துப் பதினோரு ஃபோர் வீல் வண்டிகள் வரிசையாக நிற்பதைப் பார்த்தால், பக்கத்து மாநிலத்தோடு சண்டை மூண்டுவிட்டதோ என்று பயப்பட வேண்டாம். அது எங்கள் கிளப். பட்டாளத்துக்காரர் போடுகிற மாதிரி திட்டுத் திட்டான கால்சட்டை, விளிம்பு அகன்ற தொப்பி, இடுப்பில் உறையோடு ஒரு கத்தி. அந்தக் கத்தி இதுவரை வெட்டியது பிரெட் பாக்கெட்டை மட்டும்தான். பத்தடி தள்ளி நின்று டீ குடிக்கிறவரை வாக்கிடாக்கியில் கூப்பிட்டு, பேசி முடித்ததும் "ஓவர்" என்பார்கள். அவரும் டீயைக் கீழே வைத்துவிட்டு வாக்கிடாக்கியிலேயே பதில் சொல்வார்.

பாதிப்பேர் பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவர்கள். மீதிப்பேருக்கு ஓசூர் ஃபாக்டரிகளில் வேலை. எங்கள் வீடு மூக்கண்டப்பள்ளியில். வண்டி ஏற்றப் போகிற இடமோ சூளகிரிப் பக்கம். அதாவது விடியற்காலையில் எழுந்து, எதிர்த்திசையில் எல்லை வரை போய், டீ குடித்து, கும்பலாகத் திரும்பி, எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் மறுபடி போக வேண்டும். "நாம வீட்டாண்டயே நின்னு சேந்துக்கலாமே?" என்று ஒருமுறை கேட்டேன். "கான்வாய்னா பார்டர்ல இருந்துதான் கெளம்பணும்" என்றார் என் வீட்டுக்காரர். எந்தச் சட்டத்தில் அப்படி எழுதியிருக்கிறது என்று அவருக்கும் தெரியாது.

எங்கள் வண்டி ஒரு பழைய டீசல் ஜீப். என்னைவிட இரண்டு வயது இளையது, என்னைவிட நாலு மடங்கு இருமும். மூன்று வருடத்துக்கு முன்னால் கிருஷ்ணகிரியிலிருந்து இவர் அதை ஓட்டிக்கொண்டு வந்தார். ஓட்டிக்கொண்டு வந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். லாரியில் ஏற்றித்தான் வந்தது. எங்கள் தெருவின் பாதி அகலத்தை அது பிடித்துக்கொண்டது. எதிர்வீட்டுக்காரர்கள் இன்றைக்கும் என்னைப் பார்த்துத்தான் முறைக்கிறார்கள், அவரைப் பார்த்து அல்ல.

நான் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் பதினாறு வருடமாக நட்டு இறுக்குகிறவள். தலைக்கு மேல் தொங்கும், காற்றில் ஓடும் இறுக்கு கன்னை இழுத்து, நட்டின் மேல் வைத்து அழுத்தினால், சரியான அளவுக்கு இறுகியதும் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். எனக்கு அடுத்து நிற்கிறவர் க்வாலிட்டி ஆள். அவர் கையில் மஞ்சள் பெயின்ட் பேனா. நட்டைச் சரிபார்த்துவிட்டு, அதன் தலையிலிருந்து பக்கத்து இரும்பு வரை ஒரு கோடு இழுப்பார். பின்னால் நட்டு தளர்ந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். இறுக்குகிறவர் கோடு போடக்கூடாது, கோடு போடுகிறவர் இறுக்கக்கூடாது. கோடு விழுந்த நட்டை அதற்கப்புறம் யாரும் தொடவே கூடாது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், கோடு போட்ட ஒரு நட்டின் மேல் எனக்குச் சந்தேகம் வந்து மறுபடி இறுக்கினேன். மரை போய்விட்டது. மெமோ கொடுத்தார்கள். அன்றைக்கு அந்தக் கோட்டைப் போட்டவர், என் மேல் புகார் எழுதியவர், பிறகு என் கழுத்தில் தாலி கட்டியவர், மூவரும் ஒருவரே.

குடும்பமும் அதே ஏற்பாட்டில்தான் ஓடுகிறது. நான் சமைப்பேன், அவர் ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டு "ஓகே" என்பார். நான் துணி காயப்போடுவேன், அவர் வந்து கிளிப்பை ஆட்டிப் பார்ப்பார். ஜீப் வந்தபிறகு இந்தச் சரிபார்ப்புக்கு ஒரு கூட்டாளியும் சேர்ந்தார். அவருடைய டிபார்ட்மென்ட்டிலேயே வேலை பார்க்கும் நண்பர், அவரும் க்வாலிட்டிதான். சனிக்கிழமை மதியம் இரண்டு பேரும் ஜீப்புக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டு, கால்களை மட்டும் தெருவில் நீட்டிக்கொண்டு, குறை கண்டுபிடிப்பார்கள். குறை கண்டுபிடிப்பதில் அவர்களை மிஞ்ச ஆள் கிடையாது. சரிசெய்கிற நேரம் வந்தால், "இந்தா, அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பேனர் எடு" என்று என்னைக் கூப்பிடுவார்கள். எடுத்துக் கொடுப்பேன். கொஞ்ச நேரத்தில் இடம் பற்றவில்லை, கை எட்டவில்லை என்று வெளியே வந்துவிடுவார்கள். ஒல்லியான நான் உள்ளே போய் முடித்துவிட்டு வருவேன். அவர் எட்டிப் பார்த்துக் கோடு போடுவார். அடுத்த நாள் டீக்கடையில், "நேத்து கிளட்ச் பிளேட் மாத்தினேன்" என்று அவர் சொல்லும்போது நான் சட்னி டப்பாவைத் திறந்துகொண்டிருப்பேன்.

இப்படியே இரண்டு வருடம் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்ததில் எனக்கும் அந்தப் பைத்தியம் பிடித்துவிட்டது. அதை ஒப்புக்கொள்ள எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஞாயிறு மதியம் ஆளில்லாத இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் ரோட்டில் ஓட்டக் கற்றுக்கொண்டேன், லைசன்ஸும் எடுத்தேன். ஆனால் கிளப்பில் பெண்களுக்கென்று ஒரு இடம் உண்டு. எலுமிச்சை சாதம் கட்டிக்கொண்டு வர வேண்டும். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கம்பியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேடு வந்ததும் இறங்கி, கீழே நிழலில் நின்று, வீட்டுக்காரர் ஏறுவதைப் போனில் வீடியோ எடுக்க வேண்டும். ஏறவில்லை என்றால் எடுத்ததை அழித்துவிட வேண்டும்.

அந்த மேடு சூளகிரிக்கு அந்தப் பக்கம், வேலை நின்றுபோன ஒரு கல்குவாரிக்குள் இருக்கிறது. சரளைக்கல்லும் பாறையுமாகச் சரிந்து கிடக்கும் ஒரு பழைய லாரித் தடம். ஊர்க்காரர்கள் அதற்குப் பெயர் வைக்கவில்லை. எங்கள் ஆட்கள் 'தி வால்', அதாவது சுவர், என்று வைத்திருந்தார்கள். பக்கத்தில் கொத்தமல்லித் தோட்டம் வைத்திருக்கும் ஒரு விவசாயி, நாங்கள் வருகிற ஞாயிறுகளில் டிராக்டரைக் கொண்டுவந்து ஓரமாக நிறுத்திக்கொண்டு நிற்பார். சிக்கிக்கொண்ட வண்டியை இழுத்து விடுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எங்களிடம் தமிழ். முதல் தடவை பார்த்தபோதே, "மேல போயி என்னா பண்ணுவீங்க?" என்று கேட்டார். கிளப் தலைவர், அவர் பெங்களூர்க்காரர், "அட்வென்ச்சர், அட்வென்ச்சர்" என்றார். விவசாயி தலையாட்டினார். ஏதோ வியாதியின் பெயரைக் கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது அந்தத் தலையாட்டல்.

போன கோடையில் ஒரு நாள் என் வீட்டுக்காரர் அந்த மேட்டில் நான்கு முறை முயன்று நான்கு முறையும் பாதியில் வழுக்கி இறங்கினார். ஐந்தாவது முறைக்கு முன்னால், "நான் ஒரு தடவ ஓட்டிப் பாக்கட்டுங்களா?" என்று கேட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். "நட்டு டைட் பண்றதும் மேடு ஏத்தறதும் ஒண்ணா?" என்றார் இவர். இன்னும் பலமாகச் சிரித்தார்கள், எல்லோரையும்விடப் பலமாக இவர் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. இரண்டு வாரம் நான் 'ம்', 'இல்ல' தவிர வேறு வார்த்தை பேசவில்லை. கடைசியில் அவரே இறங்கி வந்தார். "சரி, அடுத்த தடவ நீ ஏத்து. ஒரு தடவதான். ஏறலன்னா அதுக்கப்புறம் ஸ்டியரிங் பக்கமே வரக்கூடாது" என்றார். சரி என்றேன். அதற்கப்புறம் கம்பெனி லைனில் நிற்கும்போதும் அந்த மேடுதான் கண்முன்னால் நின்றது. எந்தப் பாறைக்கு இடப்பக்கம் போவது, எங்கே கியரை விடாமல் பிடித்துக்கொள்வது என்று மனப்பாடம் செய்தேன்.

நான் ஏற்றப்போகிற ஞாயிறுக்கு முந்தின நாள். ஓடும்போது அடியில் ஒரு கடகடப்பு வந்துகொண்டிருந்தது. இன்ஜினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோகிற நீளமான இரும்புத் தண்டு, புரொப்பல்லர் ஷாஃப்ட், அதன் பின்முனை மூட்டு தேய்ந்துவிட்டது. பின்முனையை மட்டும் கழற்றிப் புது மூட்டுப் போடும் வேலையை நண்பர்கள் இருவரும் எடுத்துக்கொண்டார்கள். நான் காலை ஷிஃப்ட் முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்து இறங்கியபோது வேலை முடிந்து இருவரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். "முடிஞ்சுது சிஸ்டர், நாளைக்கு நீங்க பறக்கலாம்" என்றார் நண்பர்.

நான் பையை வைத்துவிட்டு அடியில் நுழைந்து பார்த்தேன். பின் அச்சோடு தண்டு சேரும் இடத்தில் நான்கு நட்டுகள். நான்கிலும் புதிதாக மஞ்சள் கோடு, ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி நேராக. கைக்கு எட்டும் தூரத்தில் ரிங் ஸ்பேனர் கிடந்தது. எடுத்தேன். கோட்டைப் பார்த்தேன். ஸ்பேனரை இருந்த இடத்தில் வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் எல்லைக்குப் போய், டீ குடித்து, எங்கள் தெருமுனையைத் தாண்டி, குவாரிக்குப் போனோம். மேடு வரைக்கும் அவர்தான் ஓட்டினார். நண்பர் பின்சீட்டில். வழியில் சீட்டுக்கு அடியில் ஒரு நடுக்கம் வந்தது. "புதுசு இல்ல, செட் ஆகும்" என்றார் இவர். அவர் சொன்னால் அது ஓகே.

மேட்டின் அடியில் இறங்கிச் சாவியைக் கொடுத்தார். போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கிளப்பே வரிசையாக நின்றது. நான் விழுவதை ஒருவரும் தவறவிடக்கூடாது என்று அப்படி ஒரு அக்கறை. தனியாக ஏறி உட்கார்ந்து, நான்கு சக்கரமும் இழுக்கும் குட்டி கியரில் போட்டு, மெதுவாக விட்டேன். மனப்பாடம் செய்த முதல் பாறையைத் தாண்டினேன். இரண்டாவதையும் தாண்டினேன். இவர் வழுக்கி இறங்கிய இடம் எனக்குக் கீழே போய்விட்டது.

அப்போது அடியில் இடி விழுந்த மாதிரி ஒரு சத்தம். யாரோ சம்மட்டியால் தரையை அடிப்பது போல் தடதடவென்று அடித்தது. பின்பக்க இழுப்பு போய்விட்டது. முன்சக்கரங்கள் சரளையில் சும்மா சுற்றின. வண்டி பின்னால் நழுவ ஆரம்பித்தது. ஹேண்ட் பிரேக்கை முழுக்க இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கால ஜீப்பின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தைப் பிடிக்காது, அந்தத் தண்டைத்தான் பிடிக்கும். தண்டே கழன்று தொங்கும்போது அது எதைப் பிடிக்கும்? இரண்டு காலாலும் பிரேக்கை மிதித்தேன். வண்டி இன்னும் ஒரு ஆள் நீளம் சறுக்கி நின்றது. இன்ஜின் அணைந்துவிட்டது. எனக்கு வலப்பக்கம் குவாரிப் பள்ளம், அடியில் பச்சைத் தண்ணீர்.

கீழேயிருந்து யோசனைகள் வந்தன. "மேடம், கிளட்ச்! கிளட்ச்!" என்று தலைவர் வாக்கிடாக்கியில் கத்தினார். என்னிடம் வாக்கிடாக்கி கிடையாது. "அதுக்குத்தான் அப்பவே சொன்னன்" என்ற இவருடைய குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. விவசாயி ஒருவர்தான் பேசாமல் ஓடிவந்து, இரண்டு பெரிய கல்லைப் பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தார். அப்புறம்தான் நான் காலை எடுத்தேன்.

டிராக்டரில் கயிறு கட்டி வண்டியைச் சமதளத்துக்கு இறக்கினோம். இறங்கி முடிப்பதற்குள் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஆக்சிலரேட்டரை ஒரேயடியாக மிதித்திருப்பேன், அதில் ஷாஃப்ட் பிய்ந்துவிட்டது, லேடீஸ் ஓட்டினால் இது ஒரு தொல்லை. இவர் முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டு தலையாட்டிக்கொண்டிருந்தார். நான் சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு அடியில் நுழைந்தேன்.

ஷாஃப்ட் பிய்யவில்லை. பின் அச்சில் இரண்டு போல்ட்டுகளைக் காணோம். மீதி இரண்டும் இடத்திலேயே இருந்தன, நட்டுதான் இரண்டிலும் இல்லை. அச்சின் மேல் கிரீஸில் ஒட்டிக் கிடந்த ஒரே நட்டை எடுத்து, ஒரு போல்ட்டில் வைத்து விரலால் திருப்பினேன். மரை கொஞ்சமும் பிய்யாமல், பாட்டில் மூடி மாதிரி சுற்றிக்கொண்டு ஏறியது, அப்படியே சுற்றிக்கொண்டு இறங்கியது. அதன் தலையில் மஞ்சள் பெயின்ட்.

"இத யாருங்க டைட் பண்ணது?" என்று அடியில் இருந்தபடியே கேட்டேன்.

"அவருதான்" என்றார் என் வீட்டுக்காரர்.

"நானா?" என்றார் நண்பர். "நான் போல்ட்ட மாட்டி, கையால நட்ட ஏத்தி வுட்டன். நீ டைட் பண்ணுவன்னுட்டு டீ வாங்கப் போனன்."

"நீ டைட் பண்ணிட்டுத்தான் போனன்னு நெனச்சு நான் மார்க் போட்டன்."

"செக் பண்ணாமயா போட்ட?"

"நீ டைட் பண்ணத நான் செக் பண்ணணுமா? அப்ப உன் மேல நம்பிக்க இல்லன்னு ஆவாதா?"

நான் வெளியே வந்து நின்றேன். என் வாயிலிருந்து அன்றைக்கு என்னென்ன வந்தது என்று முழுதாக நினைவில்லை. க்வாலிட்டி க்வாலிட்டி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு, ஒரு நட்டை இறுக்க இரண்டு ஆம்பளைக்குத் துப்பில்லை என்றேன். தொப்பி இருக்கிறது, கத்தி இருக்கிறது, ஸ்பேனர் பிடிக்கக் கை இல்லை என்றேன். கிளப்பில் ஒருவரையும் விடவில்லை. "பதினாறு வருஷமா நட்டு டைட் பண்றவ நானு. வீட்லயே ஒருத்தி இருக்கறன். என்ன ஒரு வார்த்த கேட்டிங்களா?" என்று முடித்தேன். எல்லோரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொல்லத்தான் வேண்டும், அந்த நிமிடம் எனக்கு இனித்தது.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த விவசாயி நிமிர்ந்து பார்த்தார். "அப்ப நேத்து நீ வீட்ல இல்லியாம்மா?" என்று கேட்டார்.

"இருந்தன்."

"அடியில பூந்து பாக்கல?"

"பாத்தன்."

"பாத்துட்டு?"

"கோடு போட்டிருந்தது" என்றேன்.

அவர் என் உள்ளங்கையில் இருந்த நட்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு போட்டா டைட் ஆயிருமா?" என்று கேட்டார். கிண்டலாகக் கேட்கவில்லை. கம்பெனிக்காரர்கள் ஏதோ புதிதாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நான் நட்டைத் திரும்ப வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டேன்.

பிறகு நானே மறுபடி அடியில் போய், தண்டின் முன்முனையில் இருந்த நான்கு நட்டுகளையும் கழற்றி அதை எடுத்துப் பின்சீட்டில் போட்டேன். அந்த நான்கும் போன வருடம் நான் இறுக்கியவை. அவிழ்க்க எனக்கே உயிர் போனது. பின்பக்கம் இல்லாவிட்டாலும் முன்சக்கரங்கள் இழுக்கும் என்பது எனக்குத் தெரியும். ஸ்டியரிங்கில் நான் உட்கார்ந்தபோது யாரும் தடுக்கவில்லை. ஓசூர் நெருங்கியதும் இவர், "நெஜமாவே பாத்தியா?" என்று கேட்டார். "ஆமா" என்றேன். "அப்ப தப்பு மூணு பேரு மேலயும்தான்" என்றார், சுமையை இறக்கி வைத்தவர் மாதிரி பெருமூச்சு விட்டுக்கொண்டு. வண்டியை ஓரம் கட்டி அவரை இறக்கிவிடலாமா என்று தோன்றியது. ஆனால் அவர் சொன்னது பொய் இல்லை. இரண்டு முட்டாள்கள் செய்ததை மூன்றாவது முட்டாள் பார்த்து ஓகே சொல்லியிருக்கிறாள். அந்த மூன்றாவது ஆளுக்கு மட்டும்தான் இறுக்கவும் தெரியும். கையில் ஸ்பேனரும் இருந்தது.

சாயங்காலம் கிளப் குரூப்பில், 'பழைய வண்டியில் திடீர்க் கோளாறு, மேடம் நலம்' என்று தலைவர் போட்டார். கைகூப்பும் படங்களாக வந்து விழுந்தன. நானும் ஒன்று போட்டேன். எனக்கு அதற்கு மேல் தைரியம் வரவில்லை.

அடுத்த சனிக்கிழமை தண்டை நானே மாட்டி இறுக்கினேன். வழக்கம்போல இவர் பேனாவோடு வந்தார். "ஸ்பேனர் வெச்சுப் பாத்துட்டுப் போடுங்க" என்றேன். மண்ணில் படுத்து, தொந்தியை எக்கிக்கொண்டு உள்ளே போய், ஒவ்வொன்றையும் பார்த்துவிட்டுக் கோடு போட்டார். 'ஒரு தடவதான்' என்ற பழைய பேச்சை நானும் எடுக்கவில்லை, அவரும் எடுக்கவில்லை.

அந்த மாதக் கடைசியில் மறுபடி குவாரி. என் முறை வந்தபோது, ஏறி உட்கார்ந்தவள் திரும்ப இறங்கினேன். கிளப் முழுக்கக் காத்துக்கொண்டு நிற்க, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு அடியில் போனேன். கோடு போட்ட நட்டை மறுபடி இறுக்கிப் பார்ப்பது என் வாழ்க்கையில் அது இரண்டாவது முறை. க்வாலிட்டி ஆள் இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான்கையும் இழுத்துப் பார்த்தேன். ஒன்றும் அசையவில்லை. "மேடம், இன்னும் எவ்ளோ நேரம்?" என்றார் தலைவர். "வேலயப் பாருங்க சார்" என்றேன் அடியிலிருந்து.

முதல் பாறை, இரண்டாவது பாறை, போன தடவை நழுவிய இடம். அதற்கு மேலே என் மனப்பாடம் முடிந்துபோயிருந்தது. கண்ணுக்குத் தெரிந்தபடி ஓட்டினேன். உச்சிக்குப் போய்விட்டேன்.

மேலே ஒன்றும் இல்லை. ஒரு உடைந்த கான்கிரீட் தூண், குவாரிக்காரர்கள் விட்டுப்போன துருப்பிடித்த டிரம் ஒன்று, தூரத்தில் ஹைவேயும் ஃபாக்டரிக் கூரைகளும். இதற்காகத்தான் மூன்று வருடம் எதிர்வீட்டுக்காரர்களிடம் முறைப்பு வாங்கினேன். இதற்காகத்தான் எலுமிச்சை சாதம் கட்டினேன். கீழே கைதட்டல் கேட்டது. விவசாயி கைதட்டவில்லை, கையை நெற்றியில் வைத்து, என்னைவிட்டு வண்டியின் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். கால் பிரேக்கிலிருந்து மெதுவாகக் காலை எடுத்தேன். வண்டி அசையாமல் நின்றது.